அவசரமில்லை என்றதும் வந்த லாரி

தொழிற்சாலையில் ஃபாலோ-அப் பார்ப்பவன் என்றால், கிளம்பவே கிளம்பாத சாமானை வந்துகொண்டிருக்கிறது என்று மேனேஜரிடமும், அடுத்த வாரம் தேவைப்படும் சாமானை இந்த நிமிஷமே வேண்டும் என்று சப்ளையரிடமும் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். சப்ளையர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தே பேன்ட் தேய்ந்த என் இனத்தவர்களே, உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொண்டே படியுங்கள்.

திங்கள் என்றால் வியாழன்

எழுபதுகளில் திருவள்ளூருக்கு வெளியே ஒரு பம்பு செட் கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். பம்பின் இரும்பு உடம்பை 'பாடி' என்போம். அதை வார்த்துக் கொடுத்தவர் கும்மிடிப்பூண்டியில் பட்டறை வைத்திருந்த நாயுடு. பாடி வராவிட்டால் பம்பைப் பூட்டி முடிக்கும் அசெம்பிளி பகுதி நிற்கும். அசெம்பிளி நின்றால் நான் பர்மனென்ட் ஆக மாட்டேன். பர்மனென்ட் ஆகாதவனுக்குப் பெண் கிடையாது என்று செவ்வாப்பேட்டையில் ஒரு வருங்கால மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆக, என் கல்யாணம் நாயுடுவின் உலையில் வெந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை தேவைப்படுவதைத் திங்கட்கிழமை வேண்டும் என்று கேட்பது எனக்கு முன்னால் இருந்தவர் ஏற்படுத்திய வழக்கம். நானும் அப்படியே கேட்டேன். திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. பொறுக்க முடியாமல் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, மீஞ்சூர் தாண்டிப் போய் நாயுடு எதிரே நின்று கத்தினேன். அவர் எனக்கு ஒரு டீ வரவழைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நைனா, நீங்க திங்கக்கெழமன்னா அது வியாழக்கெழமன்னு இங்க உலை மூட்டறவனுக்கே தெரியும். எல்லாம் ஒயுங்காத்தானே போய்க்கினு கீது, நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?"

நிஜமாகவே திங்கள்

பள்ளிப்பட்டு டீலர் ஒருநாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இறைக்கப் பம்பு இல்லை, பயிர் காய்கிறது என்று அவர் போட்ட சத்தத்தில் மேனேஜர் அடுத்த வாரமே பம்பு தருவதாக வாக்குக் கொடுத்தார். இந்தத் தடவை பாடி நிஜமாகவே திங்கட்கிழமை வேண்டும்.

டிரங்க் கால் போட்டேன், நாயுடு சிரித்தார். சனிக்கிழமை நேரிலேயே போய், ஊர்ப் பெருமாள் வீரராகவர் மேல் சத்தியம் பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சத்தியம் வேற பண்றியா? அப்போ உனுக்கு வெள்ளிக்கெழமகூட அவசரமில்ல போல கீது, நைனா!"

அவசரமில்லை

திங்கட்கிழமை பாடி வரவில்லை, அசெம்பிளி நின்றது. நாளைக்குள் சாமான் வராவிட்டால் நாளையோடு என்னையும் அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இனி யாரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று மனசு விட்டுப்போய், கடைசியாக ஒரு டிரங்க் கால் போட்டேன். "அவசரமில்லீங்க நாயுடுகாரு, உங்களுக்கு எப்போ முடியுதோ அப்போ அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கம்பெனி வாசலில் ஒரு லாரி. லாரி நிறைய பாடிகள், பாடிகள் மேலே வியர்த்து விறுவிறுத்து நாயுடு! அவசரமில்லை என்று எங்கள் கம்பெனியிலிருந்து அதுவரை யாருமே சொன்னதில்லையாம். ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது என்று முடிவுகட்டி, மணல் குவியலுக்குப் பின்னால் கையிருப்பாக ஒளித்து வைத்திருந்த பாடிகளை எல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்த எங்கள் ஃபிட்டர் ஏசுதாஸ், தன் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த கோணிப்பையை விலக்கினார். அங்கேயும் ஒரு குவியல் பாடி! அசெம்பிளி நின்று, என் வேலை போகிற நேரத்தில்கூடவா இதை எடுக்கக் கூடாது என்று குதித்தேன்.

"அவசரத்துக்குன்னு வெச்சிருந்தேன் சார். நீ தெனமும்தான் அவசரம் அவசரம்னு ஓடிக்கினு கீற, இன்னிக்குத்தான் நெசம்னு எனுக்கு எப்புடித் தெரியும்?"

உண்மை பேசியதால் வந்த வினை

அன்று நாயுடுவை அசெம்பிளிக்குள் அழைத்துப் போனேன். இத்தனை வருஷம் பாடி வார்த்தவர், அது பம்பாகித் தண்ணீர் கொட்டுவதை அன்றுதான் பார்த்தார். குழந்தை மாதிரி கையை நனைத்துக்கொண்டார். அங்கேயே பேசி முடித்தோம். பாடிக்கு நான் நிஜத் தேதிதான் சொல்வேன், முடியாவிட்டால் அவர் முன்கூட்டியே சொல்வார், யாரும் எதையும் ஒளிக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அசெம்பிளி நிற்கவே இல்லை. நான் ஓடவில்லை, கத்தவில்லை, டிரங்க் கால் போடவில்லை. வந்தது வினை! சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பர்மனென்ட் வேறு ஆக்க வேண்டுமா, இந்த இடத்தையே எடுத்துவிடலாமே என்று மேனேஜர் யோசிக்க ஆரம்பித்தார். விஷயம் தெரிந்து நாயுடு நேராக அவர் அறைக்குள் நுழைந்தார்.

"தாராளமா அனுப்புங்க சார். ஆனா நாளையிலேர்ந்து நீங்க திங்கக்கெழமன்னா எனுக்கு வியாழக்கெழமதான்."

முகூர்த்தம்

அந்த வாரமே பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்தது. செவ்வாப்பேட்டை மாமனாரும் மனம் இளகினார். ஒரு திங்கட்கிழமை முகூர்த்தம். முதல் பத்திரிகை நாயுடுவுக்குத்தான், ஆனால் மனுஷன் வரவில்லை. தாலி கட்டும்போதுகூட என் கண் வாசலைத்தான் பார்த்தது. வியாழக்கிழமை காலை மாமனார் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறேன், பட்டு வேட்டி சரசரக்க நாயுடு வந்து நின்றார். கையில் தன் பட்டறையில் எனக்கென்றே வார்த்த தோசைக்கல். பந்தல் பிரித்த வாசலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நீ பாடிக்குத்தானே நைனா நெசத் தேதி சொல்றேன்னே, கல்யாணத்துக்கும் நெசத் தேதியே போடுவேன்னு எனுக்கு யாரு சொன்னா?"

இத்தனை வருஷம் ஃபாலோ-அப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம், உண்மையைச் சொல்வதற்குச் செலவே கிடையாது, அதை அடுத்த கம்பெனிக்காரன் நம்பத்தான் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான்.