உள்ளே போன தோட்டா

எங்கள் ஓசூர் தொழிற்சாலையின் செக்யூரிட்டி ஆபீசர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய லைசென்ஸ் ரிவால்வருக்கு, தோட்டா போடும் உருளை, மாற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு சிலிண்டர்கள். ஒன்று சாதாரண பாயிண்ட் டூ டூ தோட்டாவுக்கு, மற்றது நீளமான மேக்னத்துக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேக்னம் சிலிண்டரோடு என் மேஜைக்கு வந்தார். மற்ற சிலிண்டர் கிருஷ்ணகிரி வீட்டில் இருந்தது. கையில் ஒரே ஒரு மேக்னமும் ஒரு டப்பா சாதாரணத் தோட்டாவும்தான்.

"இதுல இத போட்டு சுடலாமாப்பா?"

நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சாதாரணத் தோட்டா ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"உள்ள போவுதே சார், சுடலாம்."

வகைக்கு ஒன்றை மேஜையிலேயே விட்டுவிட்டு, ஜூஜுவாடிப் பக்கத்துக் கல்குவாரிக்குக் கிளம்பிப் போனார். சும்மா இருக்காமல் இரண்டையும் மைக்ரோமீட்டரில் பிடித்தேன். பருமனில் நானூறு மைக்ரான் வித்தியாசம்! உதிரிபாகம் இருபது மைக்ரான் பிசகினாலே சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்குகிறவன் நான். துளைக்குள் அளவு பார்க்கும் கேஜின் ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. தினமும் செய்கிற வேலை. அன்று போகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன், மடையன். அவ்வளவு தொளதொளப்பில் வெடித்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழியும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன். குவாரி மேட்டில் ஏறும்போதே சத்தம் கேட்டுவிட்டது.

கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்தியபடி நின்றிருந்தார். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே ரத்தம்.

"சார், சுடாதீங்க, அளவு தப்பு" என்றேன், மூச்சு வாங்க.

அவர் நீளவாக்கில் கிழிந்திருந்த கூட்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீதானப்பா பாஸ் போட்ட?"