கரண்டி குடைந்த கத்தி

பிறர் எச்சில் டம்ளரைக் கண்டாலே எனக்குக் குமட்டும். ஜாசின் ஊரில் எங்கள் ஆபீசில் சொந்தக் கப்பை அலமாரியில் பூட்டி வைப்பவன் நான் ஒருவன்தான். அப்படிப்பட்டவனுக்குப் பழைய கத்திகள் சேர்க்கும் ஆசை வந்ததை என்னவென்று சொல்ல? மரக்கரண்டி செதுக்கப் பழகியிருந்தேன். கரண்டியின் குழியைக் குடைய நுனி வளைந்த கத்தி வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திக்கு அந்த வளைவு ஏற்கெனவே உண்டு. அதன் மூலையை அரத்தால் உருட்டி, சாணைக்கல்லில் தீட்டினால் போதும்.

பால் வெட்டும் பழைய கத்தி இருந்தால் தரும்படி ஆபீசில் எல்லோரிடமும் கேட்டு வைத்தேன். கிடைத்த கத்திகள் எல்லாம் நாறின. காய்ந்த பால், துரு, பல்லி எச்சம். ஒன்றின் பிடியில் யாருடையதோ ஒரு நரைமுடி. கையுறை மாட்டிக்கொண்டு, தண்ணீரில் இரண்டு முறை கொதிக்கவிட்ட பிறகுதான் வெறுங்கையால் தொடுவேன்.

ஆபீசைக் கூட்டித் துடைக்க பக்கத்து ஊரான செலண்டாரிலிருந்து வரும் அக்கா, இறந்துபோன தன் கணவருடைய பால் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கைக்குக் கை தராமல் மேசையில் வைத்தார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னிடம் இருந்ததிலேயே அருமையான கத்தி அதுதான். அதைக்கொண்டு குடைந்த முதல் கரண்டியை, ரம்புத்தான் மரக்கட்டையில் செய்தது, அக்காவுக்கே கொடுத்தேன்.

தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்தார். அந்தக் கரண்டியாலேயே ஆட்டுக்கறிக் குழம்பை மொண்டு என் தட்டில் ஊற்றினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கத்தியில் செய்ததுதான் இது என்றேன்.

அக்காவின் கை அப்படியே நின்றது.

“தலகாணிக்கு அடியில வைக்கக் கேக்குறீங்கன்னுலா நெனச்சேன் தம்பி, கெட்ட கனவு வராம இருக்க. அவருக்கு இனிப்பு நீர் வியாதி வந்து காலு அழுகிப் போச்சு. செத்த தோல அந்தக் கத்தியாலதான் சீவி எடுப்பேன்.”

தட்டில் ஒரு கறித்துண்டு வெள்ளைக் கொழுப்போடு கிடந்தது. கொதிக்கவைத்த கத்திதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் எழுந்தால் அவருடைய கணவரையே நான் அருவருத்ததாக ஆகிவிடும். வேறு தட்டு தரவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி இரண்டு வாய் அள்ளிப் போட்டேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. வெளியே ஓடி, வாசல் சாக்கடையில் அத்தனையையும் கக்கினேன்.

திரும்பி வந்தபோது என் தட்டு அங்கே இல்லை. அக்கா கரண்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு கால கழுவுன கையாலதான் தம்பி நான் தெனம் சோறு சாப்புட்டேன்,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. மன்னிப்புக் கேட்காமலே கிளம்பி வந்தேன்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போனோம். அக்கா வழக்கம்போல எல்லா மேசைகளையும் வெறுங்கையால் துடைத்துக்கொண்டே வந்தார். என் மேசைக்கு வந்ததும் நின்று, பையிலிருந்து புதுக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்.