வேற என்னவா இருக்கும்?

போன வாரம் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி, உருளை உருளையாகக் கட்டிய வைக்கோலைச் சுமந்துகொண்டு ஊர்ந்தது. ஜன்னல் வழியாகப் புது வைக்கோலின் வாசனை. பக்கத்து இருக்கை அம்மாள் கண்ணை மூடி ஆழ இழுத்து, "என்ன வாசனை பாருங்க!" என்றார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தூசு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்திருப்பார். ஊருக்கெல்லாம் அறுவடையாக மணப்பது எனக்கு மட்டும் ஒரு ஆஸ்பத்திரி வார்டாக மணப்பதை ஓடும் பேருந்தில் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

நானும் ஜெசிந்தாவும் தஞ்சாவூரில் ஒன்றாக நர்சிங் படித்தோம். அவள் பூண்டிப் பக்கத்துப் பெண். மாதா கோயில் திருவிழாவுக்கு விடுப்பு கேட்பதற்கென்றே வருடா வருடம் புதிதாக ஒரு தலைவலி கண்டுபிடிப்பாள். நான் மனப்பாடத்தில் புலி. பாடப் புத்தகத்தை அச்சுப் பிசகாமல் ஒப்பிப்பேன். கமா வருகிற இடத்தில் மூச்சுகூட விடுவேன். அதற்காகக் கைதட்டு வாங்கியிருக்கிறேன் என்பதை இப்போது சொன்னால் நான் பாடம் எடுக்கும் நர்சிங் மாணவிகள் சிரிப்பார்கள். ஜெசிந்தாவுக்கு அந்த வித்தை வரவில்லை. பாதிப் பாடத்தில் "அது ஏன் மேடம்?" என்று எழுந்துவிடுவாள்.

"பரீட்சைக்கு வராததெல்லாம் எதுக்கும்மா? உக்காரு."

வகுப்பு சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே உட்காருவாள்.

குறுவை அறுப்பு நேரம். ஒரு நாள் நாங்கள் காலைப் பணிக்குப் போனபோது, வார்டில் செல்வராணி என்ற பெண் படுத்திருந்தாள். வேறொரு கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தவள்; எங்களைவிடக் கொஞ்சம் சின்னவள். பொறுக்க முடியாத வயிற்றுவலி. சரியாகச் சாப்பிடாததால் வந்த அல்சர் என்றார்கள். டாக்டர் சொன்னார், சிஸ்டர் சொன்னார், நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டோம். ஊசி போட்டாயிற்று. வலி குறைய வேண்டியதுதான்.

அவள் கூந்தல் முழுக்க வைக்கோல். மழை வந்துவிடுமோ என்ற பயத்தில் அம்மாவும் மகளும் நெல்லுக்குக் காவலாகக் களத்திலேயே படுத்துவிட்டார்களாம். ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு துரும்பாக எடுத்துப் போட்டு, தலையை வாரிப் பின்னிவிட்டாள். வார்டெங்கும் அந்த வாசனை.

"அக்கா, கண்ணத் தொறக்க முடியலக்கா."

"ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தல்ல? தூங்கும்மா," என்றாள் ஜெசிந்தா.

நண்பகலுக்கு முன்பே செல்வராணியின் மூச்சு நின்றுவிட்டது. என்ன காரணம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் அம்மா ஃபிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு அப்போதுதான் படியேறி வந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த நோயாளிகள் ஒரு கதை சொன்னார்கள். முந்தைய நாள் ஏதோ சின்ன விஷயத்துக்கு அம்மா கைநீட்டி அடித்தாளாம். அந்த ரோஷத்தில் பெண் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாளாம். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். கதை அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

படிப்பு முடிந்து இருவரும் அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தோம். ஜெசிந்தாவின் பழைய "ஏன்" அதற்குள் வேறொரு கேள்வியாகியிருந்தது. காலையில் ஒருவர் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது நோயாளிக்கு இன்னது என்று சொன்னால், "சரி, அது இல்லன்னா வேற என்னவா இருக்கும்?" என்பாள். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். எரிச்சலாக வரும். எனக்கும்தான்.

அவள் எப்போதும் சரியாகச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரியவருக்கு நெஞ்சடைப்பு என்று ஆஸ்பத்திரியையே இரண்டாக்கினாள். கடைசியில் பார்த்தால் மனிதர் பந்தயம் கட்டி ஒரு முழுப் பலாப்பழத்தைத் தின்றிருக்கிறார். மாதக்கணக்கில் அவளைப் "பலாப்பழ சிஸ்டர்" என்று கூப்பிட்டோம். "பலாப்பழமா இருந்தா நல்லதுதானடி," என்றாள்.

மறுபடியும் ஒரு குறுவை. காலையில் ஒரு விவசாயத் தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுவலி. புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் பார்த்தார். முந்தின நாளிலிருந்து உட்காராமல் நின்றவர். அல்சர் என்று எழுதிவிட்டு நகர்ந்தார். ஜெசிந்தா அந்த மனிதரின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அண்ணே, மேல பாருங்க."

அவர் பார்க்க முயன்றார். இமை ஏறவில்லை.

"எங்கண்ணே படுத்திருந்தீங்க?"

"களத்துலதான்." நாக்கு குழறியது.

ஜெசிந்தா டாக்டரின் பின்னாலேயே ஓடினாள். உறவுக்காரர்கள் முன்னிலையிலேயே, "அல்சர் இல்லன்னா வேற என்னவா இருக்கும் சார்?" என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"சிஸ்டர், இங்க டாக்டர் நானா, நீங்களா?"

"நீங்கதான் சார். அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். அல்சருன்னா இமை ஏன் சார் எறங்குது?"

அவர் நடையை நிறுத்தினார். திரும்பி வந்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், கைகால்களைத் தூக்கச் சொன்னார், பாதத்தை விரல் விரலாகத் தேடினார். கடிவாய் எதுவும் தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் தடமே இருக்காது, தூங்குகிறவருக்கு வலிகூடத் தெரியாது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். புத்தகத்தில் எந்தப் பக்கம், எந்த வரி என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்த வரியும் அந்தக் கட்டிலும் என் தலைக்குள் சந்தித்துக்கொண்டதே இல்லை. பாம்புக்கடிதான் என்று டாக்டர் முடிவெடுத்தார்; விஷமுறிவு மருந்து ஏறியது. மூச்சு தளர்ந்தபோது நாங்கள் மாறி மாறிக் காற்றுப்பையை அழுத்தி மூச்சு கொடுத்தோம். அவர் பிழைத்துக்கொண்டார்.

டாக்டர் வந்து, "சாரி சிஸ்டர். எப்படித் தோணுச்சு?" என்றார். ஜெசிந்தா மருந்து அறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "செல்வராணிடி," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு செல்வராணியின் ஊருக்குப் போனாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆறிப்போனதைக் கிளறுவானேன் என்று எனக்கு.

அந்த அம்மாவுக்கு எதுவும் ஆறியிருக்கவில்லை. தனியாக இருந்தாள். பெற்ற பெண்ணை அடித்துச் சாகவைத்தவள் என்று தெருவில் யாரும் நல்லது கெட்டதுக்கு அழைப்பதில்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, எதற்கு வந்தோம் என்றுகூடக் கேட்காமல் நின்றாள். ஜெசிந்தா நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அப்ப பாம்புதானா?"

"அத சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. அப்படித்தான் இருக்கணும்னு நெனக்கிறேன். ஆனா மருந்து குடிக்கல. குடிச்சிருந்தா அந்த வாடை வரும், வாயில நொர தள்ளும். பக்கத்துலயே இருந்தேன், அப்படி ஒன்னுமே இல்ல. கண்ணத் தொறக்க முடியலன்னுதான் சொன்னா. நான்தாம்மா தூங்கச் சொன்னேன்."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பாளா?"

நான் ஜெசிந்தாவின் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"பொழச்சிருக்கலாம்மா."

அந்த அம்மா ஜெசிந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கப்போகிறாள் என்று பயந்தேன். விறுவிறுவென்று தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "வாங்க, எல்லாரும் வந்து கேட்டுட்டுப் போங்க!" பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். "சொல்லு தாயி. எங்கிட்ட சொன்னத இவங்ககிட்ட சொல்லு."

ஜெசிந்தா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். தெரிந்ததைத் தெரிந்ததாகவும் தெரியாததைத் தெரியாததாகவும். யாரோ ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி வந்து அந்த அம்மாவின் தோளைத் தொட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியை இடித்து ஜவுளிக்கடையின் வண்டி நிறுத்தம் ஆக்கிவிட்டார்கள். ஜெசிந்தாவைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. சென்ற வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது செல்வராணியின் ஊரில் அந்தத் தெருவைத் தேடிப் போனேன். களம் இருந்த இடத்தில் மனைக்கற்கள். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், வீடு இல்லை. அன்று வாசலில் நின்றவர்களில் ஒருவரைக்கூடக் காணோம். முனையில் பெட்டிக்கடை வைத்திருந்த பெண்ணிடம் விசாரித்தேன். அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள்.

"செல்வராணியா?" கொஞ்சம் யோசித்தாள். "ஆமாங்க, எங்க மாமியா சொல்லுவாங்க. அம்மா அடிச்சாங்கன்னு மருந்து குடிச்சிருச்சாமே, அந்தப் பொண்ணுதானே?"