மாப்பிள்ளை அழைப்புக் காருக்குத் தோல் வியாதி

நண்பர்களே, என் சாம்ராஜ்யம் இன்று சூரமங்கலத்தில் சரிந்தது.

நாளை அக்கா மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் பழைய வெளிநாட்டுக் கார்தான் என்று தாய்மாமன் நான் ஈரேழு உலகுக்கும் அறிவித்தாயிற்று. அதன் கூரையோ சொறி பிடித்ததுபோல் வெள்ளை வெள்ளையாக உரிகிறது.

சூரமங்கலம் பட்டறையில் கார் பெயிண்டர் அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். கூரை மயில் கழுத்தாக மின்னியது.

"சரியாப் போச்சுங்களே!" என்று குதித்தேன்.

"காயட்டுங்க சாமி" என்றார்.

காய்ந்ததும் வெள்ளை திரும்பிவிட்டது.

"பளபளப்புக்கு நெறத்து மேல அடிச்ச கிளியர் பூச்சு செத்துப் போச்சுங்க. பாலிஷ் போட்டா மிச்சமும் உரியும். சொரண்டிப் புதுசா அடிக்கோணும், ஒரு வாரமாகுமுங்க."

ஆக, நனைந்தால் மகாராஜா, காய்ந்தால் பரதேசி.

கல்யாணத்தன்று மழை கொட்ட வேண்டுமென்று கும்பிடும் முதல் தாய்மாமன் நான்தான். அக்காவுக்குத் தெரியாமல் வருண பகவானுக்கு யாராவது ட்ரங்க் கால் போட்டுக் கொடுங்களேன்.