பெருநாள் இரவுக்கு ஒரு பேம்பஸ்

போன வாரம் அக்கரைப்பற்றுக்குப் போய் ஒரு பாமசியில் பேம்பஸ் கேட்டேன். ஏன், எங்கள் ஊர் கல்முனையில் பாமசி இல்லையா? இருக்கிறது. ஆனால் கவுண்டரில் நிற்பவர் யாராவது நமக்குச் சொந்தமாக இருப்பாரே...

"புள்ளைக்கு எத்தின மாசம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒன்பது" என்றேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. மாதம் என்று அவர் நினைத்ததை நான் திருத்தவில்லை. தந்ததைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்படி என்ன வெட்கம்? எல்லாம் என் தங்கச்சியால்தான். எங்கள் ஊரில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள். வாப்பா எங்கள் இருவருக்கும் ஒரே வளவில், பக்கத்தில் பக்கத்தில் கட்டித் தந்தார். உடுப்புக் காயப்போடும் கொடியும் பொது. காலையில் என் பக்கம் மகள் நனைத்த படுக்கை விரிப்பு... அவள் பக்கம் ஸ்கூல் யூனிபோம் மட்டும். அவளுடைய மகளுக்கு ஐந்து வயதுதான்! எனக்கு வயிறு எரியும். "புள்ள வேணுமெண்டு செய்யல்ல, வளர வளரச் சரியாகும்" என்று டொக்டர் சொன்னது நினைவிருக்கிறது. வயிற்றுக்கு அது விளங்கினால்தானே?

பெருநாளுக்கு முந்திய இரவு பிள்ளைகள் எல்லோரும் தங்கச்சி வீட்டில் மருதோன்றி வைத்துக்கொண்டு அங்கேயே படுப்பார்கள். என் மகள் மட்டும், "எனக்கு மருதோண்டி மணம் புடிக்காது" என்று வீட்டில் நின்றுவிடுவாள். இந்த முறை மெல்ல என்னிடம் வந்தாள்.

"உம்மா, நானும் போகட்டா?"

அதற்குத்தான் அந்த அக்கரைப்பற்றுப் பயணம். வாங்கி வந்ததோ, அவளுக்கு முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.

"கடையில எனக்கு எத்தின வயசெண்டு சொன்னீங்க?" என்று கேட்டாள். அதைக் கழற்றித் திரும்பப் பையில் திணித்தேன்.

மறுநாள் அவளே என்னைக் கல்முனைப் பாமசிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கவுண்டரில் — வேறு யார் — என் சாச்சியின் மகன்!

"ஒன்பது வயசு. ராவைக்குப் போட" என்றாள் மகள்.

அவர் சிரிக்கவில்லை. சில வகைகளை எடுத்து வைத்தார். ஒன்றைக் காதருகே கசக்கிப் பார்த்தாள். "இது சரசரக்குது, பக்கத்துல படுக்கிறாக்களுக்குக் கேக்கும்." பெரியவர்களுக்கான ஒன்று இடுப்பில் நிற்காது போலிருந்தது. கடைசியில், ஜங்கி போல் இழுத்துப் போடும் மெல்லிய ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இது விடியுமட்டும் தாங்குமா, மாமா?"

"ஓம் மகள், தாங்கும்."

தாங்கியது. பெருநாள் காலை சிவந்த கைகளை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். தங்கச்சி வீட்டு விரிப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை.

இப்போது எனக்குத் தங்கச்சி மேல் பொறாமை இல்லை. மகள் மேல்தான்... இந்தத் துணிச்சல் எனக்கு நாற்பது வயதிலும் வரவில்லையே!