ஏரிக்கரைக் கோரையும் என் தலைவர் பதவியும்

போன ஞாயிற்றுக்கிழமை பொக்லைன் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றேன். இந்த வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்க வேண்டாம். என் மனைவி கேட்டுவிட்டாள்.

வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் ஓர் ஏரி. கரை நெடுகக் கோரைப்புல். அதை வழித்தெடுத்துவிட்டு நடைபாதை போடலாம் என்று அசோசியேஷன் மீட்டிங்கில் முதலில் கை தூக்கியது யார்? நான்தான்! தலைவர் தேர்தலில் நிற்கிறேன் அல்லவா... வாக்கிங் போகும் பெண்களின் ஓட்டு மொத்தமும் எனக்கே.

"கரையோரம் என்னம்மா இருக்கு? வெறும் கொசு. மீனெல்லாம் நடு ஏரியிலதான்" என்று அடித்துச் சொன்னேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, தங்கவயலிலிருந்து வந்து, தலையில் மீன் கூடை சுமந்து, இன்று மூன்று கடை வைத்திருப்பவன். மீன் விஷயத்தில் என்னை எதிர்த்துப் பேச ஆள் உண்டா?

வண்டி ஒரு வாரு வாரிப் புல்லைத் தூக்கியது. தண்ணீரோடு பொலபொலவென்று கொட்டியது... மீன் குஞ்சு! அரிசி மணி சைஸில், சேற்றில் துள்ளித் துள்ளி...

குனிந்து பார்த்தேன். இத்தனை வருடமாக நான் பார்த்ததெல்லாம் தராசுக்கு வந்த மீன். அது வளர்ந்த இடத்தை எங்கே பார்த்தேன்? ஆழத்தில் பெரிய மீன் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. குஞ்சு அங்கே போகுமா? கரையோரப் புல்லுக்குள் ஒளிந்து, பூச்சி புழு தின்று, உடம்பு தேறிய பிறகுதான் நடு ஏரிக்குப் போகும். நான் மட்டும் என்ன? ஸ்ரீராம்புரம் சந்தில் ஒண்டிக் கிடந்து, காக்ஸ் டவுனில் தலை தூக்கி, அப்புறம்தானே வைட்ஃபீல்ட்! முதல் நாளே இங்கே இறக்கிவிட்டிருந்தால் முழுங்கி ஏப்பம் விட்டிருப்பார்கள்.

"நிறுத்துப்பா!" என்று கத்தினேன்.

"யஜமானரே, ஸ்வல்ப பக்கக்கே பன்னி" என்று டிரைவர் கன்னடத்தில் ஒதுங்கச் சொன்னார். நான் நகரவில்லை.

அசோசியேஷன் செயலாளர் ஓடிவந்தார். சேலத்துக்காரர், ஐ.டி. வேலை. "அங்கிள், மொதல்ல கை தூக்குனதே நீங்கதானே?"

"தூக்கினேன். இப்ப எறக்கிட்டேன். குஞ்சு பூரா இங்கதாம்பா இருக்கு. இதை வாரிட்டா அடுத்த வருஷம் ஏரியில தவளைதான் மிஞ்சும்."

"லேடீஸ் ஓட்டு போயிடும் அங்கிள்..."

லேடீஸின் தலைவி, அதாவது என் மனைவி, வாக்கிங் ஷூவோடு பின்னால் நின்றிருந்தாள். "அவருக்கென்ன? கொசு கடிச்சாலும் அந்தத் தோல்ல எறங்காது!"

செயலாளர் கை காட்ட, வண்டி திரும்பிப் போனது. துள்ளியதையெல்லாம் நானும் செயலாளரும் பக்கெட்டில் அள்ளி, மிச்சமிருந்த கோரைக்குள் விட்டோம்.

புதன்கிழமை தேர்தல். தோற்றேன். ஜெயித்தவர் என் மனைவியின் வாக்கிங் தோழி. என் வீட்டு ஓட்டே எனக்கு விழவில்லை என்று கேள்வி!

குஞ்சுகளுக்கு மட்டும் ஓட்டு இருந்திருந்தால்... எதிராளிக்கு டெபாசிட் கிடைத்திருக்காது!