பதினெட்டு வளைவில் போர்த்தாத பொன்னாடை

விடியற்காலை சுபஹ் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூ செய்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி செருமியது. அந்த நேரத்தில் அது செருமினால் யாரோ போய்விட்டார்கள் என்று எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இரும்புக்கடை சம்சுதீன் என்று பெயர் வந்ததும் குழாயை மூட மறந்து நின்றேன்.

"ஆராம்?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டார்.

"நம்மட சம்சுதீன் காக்கா."

"அல்லாஹ்! முந்தாநாளும் சைக்கிள்ள போனாரே மனிசன்."

விடிந்து நான் சந்திக்குப் போனபோது அங்கே பெரிய பதாகை கட்டியாகிவிட்டது. ‘சுனாமி நாயகன் சம்சுதீன் மறைவு, எமது ஊருக்குப் பேரிழப்பு.’ நாயகன் என்ற அந்தப் பட்டம் நான் ஒரு கூட்டத்தில் மேடையேறிக் கொடுத்தது. அதை எடுத்துவிடும்படி அவர் என்னிடம் எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறார். ஏணி வாங்கி நானே ஏறிப் பதாகையைக் கழற்றினேன். ஏன் கழற்றினாய் என்று கேட்டவர்களுக்காகவும், அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கல்முனைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்கும் கடையில் அவர் விற்பனையாளராக இருந்தார். நெடிய, மெலிந்த மனிதர்; மூத்தவர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் காக்கா. ஆணி கேட்டுப் போனால் உடனே நிறுத்துத் தரமாட்டார். "எதுக்கு? பலகைக்கா, சுவருக்கா?" என்று விசாரணை வைப்பார். கேட்டதில் பாதி போதும் என்று வாதாடி அனுப்புவார். முதலாளி தலையில் கை வைப்பார். காக்கா வேலைக்குச் சைக்கிளில்தான் வருவார், சைக்கிளில்தான் போவார். மோட்டார் சைக்கிள் எடுக்கச் சொன்னால், "என்ட காலுக்கு என்ன கேடு?" என்பார்.

கடல் வந்த அன்று அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சம்மாந்துறையில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். அவர் மட்டும் கடற்கரை வீதியில் இருந்த வீட்டில் தனியாக இருந்தார். வீடு போய்விட்டது, அவர் தப்பினார். அதற்குப் பிறகு அவர் செய்ததை ஊரே பார்த்தது. காயம்பட்டவர்களைக் கேரியரில் இருத்தி, துணியால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அகதி முகாமுக்குத் தண்ணீர்க் கேன் கட்டி இழுத்தார். மற்றவர்கள் கிட்டப் போகத் தயங்கிய மையித்துகளை, அந்தச் சடலங்களை, அவர் தூக்கினார். நிவாரணம் வாங்கும் வரிசையில் மட்டும் அவரை ஒருநாளும் கண்டதில்லை.

அதைச் சொல்லித்தான் நான் அவரை நாயகன் என்றேன். கைதட்டல் முடியுமுன் அவர் எழுந்து மண்டபத்தை விட்டுப் போய்விட்டார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் கைதட்டினோம். அடக்கமும் கூச்சமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான். எங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

யுத்தம் முடிந்த ஆண்டு வந்தது. சுபஹ் தொழுதுவிட்டுச் சைக்கிளில் பாலமுனை வரை போய் வரும் ஒரு கூட்டம் நாங்கள். பத்துப் பன்னிரண்டு பேர். சுகர், பிரஷர் என்று டொக்டர் விரட்டியதால் மிதிக்கத் தொடங்கியவர்களே அதிகம். சவூதியிலிருந்து திரும்பி வந்த றபீக்கும் எங்களோடு சேர்ந்திருந்தார். சம்சுதீன் காக்காவின் அடுத்த வீட்டுக்காரர் அவர். கடல் வந்தபோது றபீக் வெளிநாட்டில் இருந்தார். தனியாக இருந்த அவருடைய உம்மாவைக் கடல் கொண்டுபோனது.

சோதனைச் சாவடிகள் குறையத் தொடங்கியதும் எனக்கு ஆசை முற்றியது. கண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் நாங்கள் வாந்தி எடுத்த மகியங்கனை மலைப்பாதைப் பதினெட்டு வளைவைச் சைக்கிளில் ஏற வேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

சைக்கிள்களை லொறியில் போட்டு மலையடிவாரத்தில் இறக்கினோம். கியர் இல்லாத சைக்கிள்கள். முதல் வளைவிலேயே பாதிப் பேர் இறங்கித் தள்ளினார்கள். மிதித்தவர்கள் தள்ளியவர்களைக் கேலி செய்தார்கள்; அடுத்த வளைவில் அவர்களும் தள்ளினார்கள். தேத்தண்ணிக் கடைச் சிங்களப் பெண்மணி எங்கள் தொப்பிகளையும் சாரங்களையும் பார்த்துச் சிரித்து, எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்தார். சந்தோசத்தில் கூச்சல் போட்டுக்கொண்டு ஏறினோம். சம்சுதீன் காக்கா மட்டும் கடைசிவரை சீற்றை விட்டு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் தும்மினாலும் பொன்னாடை போர்த்துவோம். நான் ஒன்று வாங்கிப் பையில் ஒளித்துக் கொண்டுபோயிருந்தேன். உச்சியில் எல்லோரையும் நிறுத்தி, சுனாமி நாயகனை மலையிலும் கௌரவிப்போம் என்று அறிவித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ற உரிமையில் றபீக்தான் போர்த்த வேண்டும் என்றும் சொன்னேன். அந்தப் புத்தியும் என்னுடையதுதான்.

றபீக் பொன்னாடையை விரித்துக்கொண்டு கிட்டப் போனார். காக்கா இரண்டு கையாலும் அதைத் தடுத்தார்.

"போடாத றபீக். நீ மட்டும் போடாத."

"மாப்பிள்ளைக்கு வெக்கம்!" என்று யாரோ கத்தினார்கள். சிரித்தோம்.

"உங்கட உம்மாவ நான் கண்டன் றபீக்," என்றார் அவர். "கடல் வரக்குள்ள சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடினன். கேற்றடியில நிண்டாங்க. 'மகன், என்னையும் ஏத்திக்கிட்டுப் போ' எண்டு கையக் காட்டினாங்க. கேரியர் சும்மாதான் இருந்திச்சி. நான் நிக்கல்ல."

காக்கா தன் சைக்கிளின் கேரியரில் கை வைத்தார்.

"அதுக்குப் பிறகு செஞ்சதெல்லாம் அவங்களுக்குச் செஞ்சது. அதுக்குப் பொன்னாடை வேணாம். ஏலுமெண்டா என்னெ மன்னிச்சிரு தம்பி."

அந்த இடத்தில் என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "சரி சரி, சோறு ஆறுது, சாப்பிடுவம்" என்றேன். எல்லோரும் சோற்றுப் பொதிகளை நோக்கி ஓடினோம். றபீக் பொன்னாடையை நான்காக மடித்து என் பையின் மேல் வைத்துவிட்டுத் தனியே போய் உட்கார்ந்தார்.

இறங்குவதுதான் தண்டனையாகிவிட்டது. எங்கள் ஊர் தட்டுப்போலச் சமதரை. பிரேக் கட்டை தேய்ந்தால் மாற்ற மாட்டோம். செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்துவதே பழக்கம். உச்சியிலிருந்து கீழே பார்த்த பிறகுதான் அந்தப் பிழை விளங்கியது. சைக்கிளில் ஏறிக் கீழே இறங்கினால் மையித்தாகத்தான் போய்ச் சேர்வோம். ஆகவே அத்தனை வளைவும் சைக்கிளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தோம். முன்னே பறந்து போய்விடவும் முடியாது, பின்தங்கவும் முடியாது. றபீக்கும் காக்காவும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நடந்தார்கள்.

அதன்பின் றபீக் சைக்கிள் ஓட்ட வரவில்லை. காக்கா பள்ளிவாசலில் அவரைக் கண்டால் சலாம் சொல்வார். பதில் சொல்வது கடமை. றபீக் சொல்வார், முகம் பார்க்கமாட்டார். ஒருதரம் காக்கா வீடு தேடிப் போனார். நித்திரை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் கடையில் வைத்துக் காக்கா என்னிடம் சொன்னார்: "அவன் எனக்கு ஏச வேணும் எண்டுதான் சொன்னன். அவன் ஏசவும் இல்ல." நான் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். காணிச் சண்டை, கலியாணச் சண்டை எல்லாவற்றையும் தீர்த்துவைக்க முந்திக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். இந்த இரண்டு பேரையும் ஒரு தேத்தண்ணி மேசையில் இருத்திவைக்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வெட்கம் என்று சொல்லிக்கொண்டோம். அது சோம்பலும் கோழைத்தனமும்தான்.

காக்காவின் ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவர் மகன் எழுந்து, "வாப்பாவில ஏதும் குறை இருந்தா மன்னிச்சிருங்க" என்று வழமைப்படி கேட்டார். மன்னித்துவிட்டோம் என்று பள்ளியே முணுமுணுத்தது. காக்கா மலையில் யாரிடம் மன்னிப்புக் கேட்டாரோ அந்த மனிதர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி நின்றார். அவர் வாய் அசையவில்லை.

மையவாடியில் மகன் கபுறுக்குள் இறங்கினார். "இன்னும் ஒராள் இறங்குங்க" என்று குழி வெட்டியவர் கேட்டார். காக்காவின் தம்பிமார் முன்னால் வருவதற்குள் றபீக் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார். நாங்கள் இறக்கிய உடம்பைத் தலைமாட்டில் நின்று இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினார். மணலில் வைத்தார். முகத்தைத் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பினார். பிறகும் நிமிரவில்லை. காதருகே குனிந்தபடி வெகுநேரம் இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் நான்தான். றபீக்கின் தாடியெல்லாம் மணல்.

"உயிரோட இரிக்கக்குள்ள சொல்லாத்த," என்றார், "குழிக்குள்ள இறங்கிச் சொல்லிட்டு வாறன்."

போய் வாருங்கள் காக்கா. உங்கள் கபுறை அல்லாஹ் விசாலமாக்கட்டும். உங்களிடம் இருந்த வெட்கத்தில் ஒரு துளியை, நீங்கள் இருக்கும்போதே எங்களிடம் இருந்திருக்க வேண்டிய அதை, இனியாவது அவன் எங்களுக்குத் தரட்டும்.